இரண்டாவது கட்டில்

நீதிபதி வாசித்து முடிக்கையில்
கபொரோனேயில் பன்னிரண்டு தாண்டிவிட்டது.
இனி இது குற்றமில்லை என்றது வானொலி.
அடுத்து, மாட்டு விலை.

கவோனே அழவில்லை.
உள்ளறைக்குப் போனார்கள் இருவரும்.
ஒன்பது வருடமாய் யாரும் படுக்காத
இரண்டாவது கட்டில்.
காலைதோறும் அதன் விரிப்பைக் கசக்கிவிடுவது
செதுன்யாவின் வேலை:
தலையணையில் ஒரு குழி,
போர்வைக்கு ஓர் உதை.

விற்றுவிடலாமென்று
வாசலுக்கு இழுத்து வந்தபோது
வாடகை வாங்க வந்த வீட்டுக்காரி
விரிப்பைத் தூக்கி
மெத்தையை அழுத்திப் பார்த்தாள்.
"கடை பிளாஸ்டிக்கே பிரிக்கலை.
குடிவந்த வருஷமே பார்த்தேன்.
என்ன விலை?"

மறுநாள் விடிகாலை
கட்டில் இருந்த இடத்தில் குனிந்து
காற்றைக் கசக்கிக்கொண்டிருந்தாள் செதுன்யா,
அரைத் தூக்கத்தில்.