நாற்பத்தொன்றாம் வீட்டுப் பால்

ஒவுலு நகரில், பழைய செய்தித்தாள் எந்திரத்தில்தான்
இதையும் அச்சடிக்கிறோம்.
மைக்குப் பதில் வெள்ளிக் குழம்பு.
காகிதத்துக்குப் பதில்
வெங்காயச் சருகுபோல் ஒரு படலம்.
சுருட்டலாம், மடக்கலாம்,
நகத்தால் கீறினால் மட்டும் செத்துப்போகும்.

பேட்டரி கிடையாது.
ஃபிரிட்ஜ் கதவு திறந்தால் எரியும் விளக்குதான்
அதற்குச் சோறு.
மூடினால் பட்டினி, உறக்கம்.
விழித்திருக்கும் கொஞ்ச நேரத்தில்
சூடு எவ்வளவு, அட்டை எவ்வளவு உப்பியிருக்கிறது என்று பார்த்து
காற்றில் ஒரே ஒரு சேதி அனுப்பவேண்டும்:
பால் திரிந்ததா, இல்லையா.

எழுபது வீடுகளுக்குப் பெட்டிகள் போயின.
பெயர்கள் இல்லை, எண்கள்.
இரண்டரைக்கே இருட்டிவிடும் டிசம்பரில்
திரைக்கு முன்னால் நான்.

நாற்பத்தொன்று. விடிகாலை மூன்று பத்து.
படலம் வளைகிறது. யாரோ பெட்டியைத் தூக்குகிறார்கள்.
ஊற்றவில்லை. ஊற்றினால் வளைவு தளர்ந்திருக்கும்.
நான்கு டிகிரி, ஐந்து, ஒன்பது.
கைதான். முழு உள்ளங்கை.
ஆறு நிமிடம்.
பிறகு இருட்டு.

மறுநாளும் மூன்று பத்து.
அதற்கு மறுநாளும்.

இல்போ என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.
"இரைச்சல், தைமி. வடிகட்டிவிடு.
நாம் கேட்டது பாலைப் பற்றி."
ஒப்புதல் படிவத்திலும் அப்படித்தான் இருந்தது.
தட்டச்சு செய்தவள் நான்.

பல்வலி என்று நினைத்தேன்,
கன்னத்தில் ஒற்றிக்கொள்கிறார்.
துறைமுகத்தில் இரவு வேலை முடிந்தவர்,
பசியா தூக்கமா என்று தெரியாமல் நிற்கிறார்.
பூனை என்றுகூட.
பூனைக்கு ஏது உள்ளங்கை.

வெள்ளிக்கிழமை வடிகட்டியை எழுதினேன்,
பதினோரு வரி.
ஓடவிடாமல் வீட்டுக்குப் போனேன்.
அன்று மூன்று பத்துக்கு எழுந்து
என் ஃபிரிட்ஜைத் திறந்து
என் பாலை எடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
இரண்டாம் நிமிடத்தில் விரல் மரத்தது.
நான்காவதில்
கை எது அட்டை எது என்று தெரியவில்லை.
ஏன் என்பது பிடிபடவேயில்லை.
ஆறு நிமிடம் எவ்வளவு நீளம் என்று மட்டும் தெரிந்தது.

திங்களன்று ஓடவிட்டேன்.
நாற்பத்தொன்றின் கோடு
மற்ற அறுபத்தொன்பதைப்போல நேராகிவிட்டது.
ஒன்பதாம் நாள் 'திரிந்தது' என்று வந்தது,
மணி பிசகாமல்.
இல்போ கைதட்டினார். கேக் வெட்டினோம்.
யாரும் குடிக்காத அந்தப் பாலுக்கு
நானும் ஒரு துண்டு தின்றேன்.

ஒரு வாரம் கழித்து நண்பகலில்
எந்த முற்றத்திலோ
அட்டைத்தொட்டியின் மூடியை யாரோ திறந்திருக்கவேண்டும்.
நசுங்கிய படலத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது.
நாற்பத்தொன்று மறுபடி பேசியது.
மைனஸ் பதினொன்று என்றது.
வேறெதையும் சொல்ல
நாங்கள் அதற்கு விட்டுவைக்கவில்லை.