கதவு டி-17

நாலடி தோண்டியதும் தண்ணீர்.
கொருக்குப்பேட்டையில் இது செய்தியே இல்லை.
கூடவே வந்தன கிளிஞ்சல்,
கோலி சோடா புட்டியின் கழுத்து ஒன்று,
கரி படிந்த மணல்,
யாரோ எப்போதோ புதைத்த தண்டவாளத் துண்டு.
மோட்டார் மூன்று நாள் இறைத்தது.

வாசல் பலகையில்
மாணவர் பொழுதுபோக்கு மற்றும் நல்வாழ்வு மையம்.
மதிப்பீடு பதினெட்டுக் கோடி.
கீழே படம்: மரங்கள், சிரிக்கும் ஆட்கள்.
எவருக்கும் வேர்க்கவில்லை.
அந்த மரம் இந்த உப்புக்காற்றில் தங்காது,
புங்கை வையுங்கள் என்றேன்.
பார்ப்போம் என்றார்கள்.

நான் இந்தத் தளத்தின் இளநிலைப் பொறியாளர்.
ஆறு வருடம் முன்பு இதே வளாகத்தில்
சிவில் இரண்டாம் ஆண்டு.
கூடைப்பந்து அரங்கின் மூன்றாம் தூண் நிற்குமிடத்தில்
அப்போது சைக்கிள் ஷெட்.
மதியத்தில் ஹெப்சிபா அங்கேதான் இருப்பாள்,
யாருடையதோ வண்டியின் கேரியரில்,
சோற்று டப்பாவைத் திறக்காமல்.
"இன்னாடி ஆச்சு?"
"ஒண்ணியும் இல்ல."
அந்த வருடம் முழுக்க நாங்கள் பேசியது
ஏறக்குறைய இவ்வளவுதான்.

ஆலோசகர் ஒருவர் இருந்தார், இல்லாமல் இல்லை.
செவ்வாய், வெள்ளி.
ஃபீஸ் கட்டும் வரிசையை ஒட்டி அவர் அறை.
கதவைத் தட்டினால்
வரிசை முழுக்கத் திரும்பும்.
ஹெப்சிபா ஒருநாள் அந்த வரிசையில் நின்றாள்,
ஃபீஸ் கட்டுகிறவள் போல.
முறை வந்தபோது கட்ட ஒன்றுமில்லை.
வெறும் சலான் ஒன்றை வாங்கிக்கொண்டு
திரும்பி வந்தாள்.

நான்காம் செமஸ்டரில் அவள் பெயர்மேல் சிவப்புக் கோடு.
கும்மிடிப்பூண்டியில் ஏதோ கம்பெனி என்கிறார்கள்,
கல்யாணம் என்கிறார்கள்.
நான் விசாரிக்கவில்லை.

வரைபடத்தில் முதல் தளம்:
உடற்பயிற்சிக் கூடம், கேரம் அறை,
மணலிப் பக்கம் பெரிய சன்னல் வைத்த யோகா அரங்கம்.
அம்மோனியா வீசும் நாளில் மூச்சுப் பயிற்சி எப்படி
என்று கேட்டேன்.
ஏசி இருக்கே என்றார்கள்.
மூலையில் மனநல ஆலோசனை, பத்துக்குப் பன்னிரண்டு.
கதவு டி-17, கண்ணாடி,
வரவேற்பு மேசைக்கு நேரெதிரே.

எழுதிப் போட்டேன்:
கதவைப் பின்படிக்கட்டுப் பக்கம் மாற்ற வேண்டுகிறேன்.
காரணம் என்ற கட்டத்தில்
பேனா வெகுநேரம் நின்றது.
தீப்பிடித்தால் வெளியேற எளிது
என்று நிரப்பினேன். பொய்யும் இல்லை.

பதினோரு நாள் கழித்து
ஆர்க்கிடெக்ட் ஆபீஸிலிருந்து கௌதமன் வந்தார்.
"அந்தத் திறந்த தன்மைதான் மேடம் இதுக்கு அழகு."
"உள்ள போறது யாருன்னு தெரியுமே சார்."
"தெரிஞ்சா என்ன?"
நல்ல மனுஷர். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.
சைக்கிள் ஷெட்டைக் காட்டலாமென்றால்
இடிப்பு ரசீதில்
என் கையெழுத்துதான் இருக்கிறது.

லக்கன் மாஞ்சிக்குக் கூலி சதுர அடிக் கணக்கு.
காத்திருக்க முடியாது.
"மேடம், டோர் எங்க வரும்?"
கரணையைச் சுவரில் தட்டிக்கொண்டே நின்றார்.
கௌதமன் கீழே காரைத் திருப்பிக்கொண்டிருந்தார்.
நீலச் சாக்பீஸ் எடுத்து
பின்சுவரில் இரண்டு கோடு கிழித்தேன்.
"அந்தப் பக்கம்?"
"அடைச்சிடுங்க."

திருத்திய வரைபடம் இன்னும் வரவில்லை.
வராமலும் போகலாம்,
சுவரை உடை என்று ஒரு வரி வரலாம்.
சம்பளத்தில் பிடிப்பார்களோ என்னவோ.
ஏழாம் நாள் கான்கிரீட் கட்டிகளை
நாளைக் காலை நசுக்கிப் பார்க்கவேண்டும்.

நேற்று சாயங்காலம்
நிலை வைக்காத அந்தத் திறப்பு வழியாக
உள்ளே போய் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்தேன்.
மேசை வரப்போகும் இடத்தில்
ஆட்கள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள்.
கூட்ஸ் வண்டி ஒன்று நெடுநேரம் கடந்துபோனது.
ஒருத்தரும் திரும்பவில்லை.

கதவுக்கு ஆர்டர் போடவேண்டும்.
மரமா, ஃப்ளஷ் டோரா,
உள்பக்கம் திறப்பதா வெளிப்பக்கமா,
அந்தக் கட்டம் இன்னும் காலி.