இருபது விநாடிக்கு ஓர் அலை

காதுக்கு எட்டாத ஒன்றைச் செய்யத்தான்
ரிச்சி ஸ்ட்ரீட் வந்தேன்.
ஒருமுறை ஏறி இறங்க இருபது விநாடி.
அது பாடாது.
பாடுகிற இன்னொன்றின் கழுத்தைப் பிடித்து
மெல்லத் திருப்பும், அவ்வளவுதான்.

"ஸ்லோவா வேணுமா, பெருசாப் போடுங்க"
பாரஸ்மல் கடையில் லியாகத்
நானூற்று எழுபது மைக்ரோஃபாரட் ஒன்றைக்
கண்ணாடி மேசைமேல் உருட்டிவிட்டான்.
நாலு ரூபாய்.
நீல உடம்பு, விலாவில் ஒரு வெள்ளைக் கோடு.

சிந்தாதிரிப்பேட்டை அறையில் பொருத்திப் பார்த்தால்
முக்கோணம் முக்கோணமாக இல்லை.
மேலே போகும்வரை ஒழுங்கு.
பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியதும்
ஓட்டைக் குடம்.
நான் ஊற்ற ஊற்ற
உள்ளுக்குள்ளேயே கசிந்துகொண்டிருந்தது.

மறுநாள் மறுபடி.
ஃபிலிம் கொடு, ஒரு மைக்ரோ போதும்.
"ஒண்ணா? நானூத்தி எழுபதுலேர்ந்து ஒண்ணா?"
தொட்டி சின்னதாக இருக்கட்டும்,
குழாயை இறுக்கிக்கொள்கிறேன் என்றேன்.
பத்து மெகா ஓம்: பழுப்பு, கறுப்பு, நீலம்.
முந்நூற்று ஐம்பத்தெட்டு ஐ.சி. வேண்டாம்,
விழுகிற சொட்டை அதுவே குடித்துவிடும்.
டிஎல் சைபர் ஏழு ரெண்டு எடு.
லியாகத் என்னை ஒருமுறை பார்த்தான்,
பிறகு இரண்டு எடுத்து வைத்தான். ஒன்று எரியுமாம்.

எரியவில்லை.
இரண்டு நாள் அளந்தாற்போல் ஓடியது.
மூன்றாம் நாள் ஐப்பசி மழை.
சுவர் வியர்த்தது, தீப்பெட்டி நமுத்தது,
அலை அவசரப்பட ஆரம்பித்தது.
பத்து மெகா ஓம் என்று நான் எண்ணியிருந்தேன்;
அதன் பக்கத்தில், ஃப்ளக்ஸ் பிசுக்கின் மேல்,
இந்த ஊரே இன்னொரு ரெசிஸ்டராகப் படுத்திருந்தது.

ரத்தப் பரிசோதனை லேபில் எனக்கு பில் போடும் வேலை.
கொஞ்சம் ஸ்பிரிட் கேட்டு வாங்கி வந்தேன்.
பழைய பல்துலக்கி. அரைமணி நேரத் தேய்ப்பு.
டேபிள் ஃபேனை போர்டின் பக்கம் திருப்பிவிட்டு
நான் புழுங்கினேன்.

பத்தொன்பது.
மறுபடி எண்ணினேன், பத்தொன்பது.
சரி, ஒரு விநாடி மழைக்கு.

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த ஜெபசீலி
இருட்டில் அந்தச் சிவப்பு எல்இடியைப் பார்த்தாள்.
மெதுவாகப் பெருகுகிறது, மெதுவாகச் சாகிறது.
"என்னடி இது, முழிச்சி முழிச்சிப் பாக்குது?"
பேண்டேஜ் டேப்பைக் கிழித்து
அதன் கண்ணில் ஒட்டிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

இப்போது கேட்கவும் இல்லை, தெரியவும் இல்லை.
மீட்டரின் முள் மட்டும்
அந்தக் கோடிக்குப் போய்விட்டு வருகிறது.
அது திருப்பவேண்டிய கழுத்தை
நான் இன்னும் சாலிடர் செய்யவே இல்லை.