தவச்செல்விக்கு, சப்பாத்துடன்

முதல்ல படங்களை மற.
அந்த நீல வானம் ஒரு நாளில ஒரு மணித்தியாலம்,
அதுவும் விடியப்புறக் கூதலில
நீ கக்கூசு வரிசையில நிக்கிற நேரம்.
மிச்சமெல்லாம்
முன்னால போறவரின்ர குதிக்கால்தான் இமயமலை.

இரணைமடுக் குளக்கட்டில ஏறி இறங்கிப் பழகு.
நூறு தரம் ஏறினாலும் அது மலையாகாது,
முழங்காலுக்கு ஒரு செய்தி போகும், அவ்வளவுதான்.
நான் தண்ணிக் கான் ரெண்டு முதுகில கட்டி
பின்னேரங்களில ஏறினனான்.
மீன் வாங்க வந்த சனம்
"பிள்ளைக்கு என்ன நேர்த்தி?" எண்டு கேட்டவை.
ஓம், நேர்த்திதான் எண்டிட்டன்.

மூவாயிரத்து ஐந்நூறு மீற்றரில தலை இடிக்கும்.
முகமாலையில கவசமும் முகக்கண்ணாடியும் போட்டு
பத்து மணி வெயிலுக்கு இடிக்குமே, அதில்லை.
இது உள்ளுக்குள்ள இருந்து
ஆரோ கதவைத் தட்டுற இடி.
வெக்கப்படாமல் லக்பாவிட்டச் சொல்லு.
தாங்குவன் எண்டு வாய் திறக்காமல் இருந்த
கொரியாக்காரப் பெட்டையை
நாலாம் நாள் குதிரையில ஏத்தி இறக்கினவங்கள்.

சாப்பாடு இறங்காது.
அங்க தண்ணி கெதியாக் கொதிச்சிடும், சூடு காணாது.
சோறு நடுவில அரிசியாவே கிடக்கும்.
உள்ளிச் சூப்பைக் குடி. பருப்பைக் குடி.
நான் கொண்டுபோன கருவாட்டுச் சம்பல்
மூண்டாம் நாள் கல்லு.
அந்தக் கல்லையும் நக்கினன்.

இரவில விரலில ஒரு கிளிப் மாட்டுவான்.
எழுபத்தெட்டு.
கிளிநொச்சி ஆஸ்பத்திரியில எண்டால்
தள்ளுவண்டியோட ஓடிவருவினம்.
லக்பா தலையாட்டிப்போட்டுத் தேத்தண்ணி ஊத்தினான்.

நித்திரை வராது. வந்தாலும்
மூச்சு நிண்டு திடுக்கிட்டு எழும்புவாய்.
எல்லாருக்கும் அப்பிடித்தான், பயப்படாதை.
என்ர தோளுக்குள்ள கிடக்கிற இரும்பு
இவ்வளவு வருசமாச் சத்தம் போடேல்லை.
அந்தக் குளிரிலதான் தன்ர அளவைச் சொல்லிச்சு.
புளியங்கொட்டை அளவு.
நான் இன்னும் பெரிசெண்டு நினைச்சிருந்தன்.

நடை மட்டும் எங்களுக்குக் கைவந்தது.
மற்றவை ஓடி ஓடி நிண்டு இழுக்க,
இவளைப்போல நடவுங்கோ எண்டு
லக்பா என்னைக் காட்டினான்.
எங்க பழகினது எண்டு கேட்டான்.
ஒரு நாளைக்கு அஞ்சு மீற்றர் போனால்
எங்களுக்கு நல்ல நாள் எண்டன்.
சிரிச்சான்.
என்ன வேலை எண்டு சொன்னன்.
பிறகு சிரிக்கேல்லை.

இதை ஒருத்தரும் உனக்குச் சொல்லாயினம்:
அங்க சிவப்புத் தடி நட்டிராது.
பாதைக்கு ரெண்டு பக்கமும் சும்மா நிலம்.
யாக் மாடுகள் தங்கட பாட்டில மேயும்.
ஒண்டுக்கு எண்டால் பாறைக்குப் பின்னால போ எண்டுவினம்.
எனக்குக் கால் போகேல்லை, செல்வி.
மூண்டு நாள்
எல்லாரும் கடந்து போகும் மட்டும் நிண்டு
பாதையிலேயே குந்தினன்.
நாலாம் நாள் ஒரு யாக்
மண்ணுக்குள்ள ஆழமா மிதிச்சுப் போயிருந்தது.
அதின்ர குளம்படிக்குள்ள குளம்படிக்குள்ளயே
காலை வைச்சு
பாறைக்குப் பின்னால போனன்.

கணவாயில முகில்.
ஐயாயிரத்துச் சொச்சம் மீற்றர் ஏறி
நான் கண்டது என்ர கையுறை.
கொடிகள் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.
மற்றவை கட்டிப்பிடிச்சு அழுதினம்.
எனக்கு ஆறு நாளைக்குப் பிறகு பசிச்சது.

இறக்கத்துக்கு ரெண்டு தடி வாடகைக்கு எடு.
பெருவிரல் நகம் ஒண்டு கறுத்து விழும்,
அதுக்கு ஆரையும் பேசாதை.
போன் சார்ஜ் பண்ணக் காசு கேட்பினம், குடு.

திரும்பி வந்து பரந்தன் சந்தியில பஸ்ஸால இறங்க
காத்து பாணி மாதிரித் தடிப்பா இருந்தது.
ஒரு வாய் இழுத்தன், இன்னொரு வாய் இழுத்தன்.
ஓட்டோக்காரன் வருத்தமோ எண்டு கேட்டான்.

சப்பாத்து ஏழாம் நம்பர், உனக்குக் கொஞ்சம் பெரிசு,
ரெண்டு சோடி காலுறை போடு.
வலது குதி ஒரு பக்கமாத் தேய்ஞ்சிருக்கு.
அது நான் முழங்காலில இருந்து எழும்புற விதம்.
நீ இடது பக்கத்தால எழும்புறனி,
நாலு நாளில சரியா வந்திடும்.