அரை மாத்திரை

எவரிஸ்தோ இப்போது பதினான்கு மணி நேரம் தூங்குகிறார்.
அதைத் தூக்கம் என்று சொல்ல வாய் வரவில்லை.
துறைமுகத்தில் நனைந்த உப்பு மூட்டையை
இறக்கிப் போட்டாற்போல் கிடக்கிறார்.
தலையணை மேல் ஒரு துண்டு.
விடிந்ததும் பிழிந்தால் எச்சில் சொட்டும்.

வால்பரைசோவின் மலைச்சரிவில்
இருபத்திரண்டு ஆண்டு இழுவைப்பெட்டி ஓட்டியவர்.
ஒன்று ஏற மற்றது இறங்கும்,
நடுவழியில் இரண்டும் ஒரு கணம் முகத்துக்கு முகம்.
கம்பியின் முனகலை வைத்தே
எத்தனை பேர் வருகிறார்கள் என்று சொல்லிவிடுவார்.

பிறகு கம்பி பேசத் தொடங்கியது,
அவரிடம் மட்டும்.
கீழிருந்து வருகிறவர்கள் செத்தவர்கள், மேலே விடாதே என்றது.
ஓர் ஆகஸ்ட் காலை
பள்ளிப்பிள்ளைகள் ஏழு பேரை
பாதி மலையில் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தார்.
யாருக்கும் ஒன்றுமில்லை.
ஒரு சிறுமி மட்டும் கண்ணாடி வழியே
கையசைத்துக்கொண்டே இருந்தாளாம்.
அதைச் சொல்லிச் சொல்லி அழுவார்.
அழுவார் என்றா சொன்னேன்?
அழுதார். மருந்துக்கு முன்.

மருந்தைத் திட்ட மாட்டேன்.
இரவெல்லாம் பூட்ஸைக் கழற்றாமல்
கதவடியில் அவர் காவல் நின்ற மாதங்களை
நானும்தான் நின்றே கழித்தேன்.
பெட்டிக்குள் இருந்த காகிதத்தை வாங்கிப் படித்தார்:
‘இயந்திரங்களை இயக்க வேண்டாம்.’
சிரித்தார். அதுதான் கடைசிச் சிரிப்பு.
மாதத்தின் முதல் செவ்வாய் ரத்தம் எடுக்கும் ஒத்தீலியா
பழகிவிடும் என்கிறாள்.
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

போன முறை டாக்டர் என்னை விட்டுவிட்டு அவரைக் கேட்டார்:
உங்களுக்கு என்ன வேண்டும்?
பதில் வர நேரமாயிற்று,
கிணற்றுக்குள் விழுந்த வாளி மேலே வருகிற மாதிரி.
“பத்து மணிக்கு ரொட்டிக்காரன் வருவான்.
அவனைப் பார்த்து எட்டு மாதம்.”

அரை மாத்திரை குறைத்தார்கள்.

இன்று ஒன்பதே முக்காலுக்கு எழுந்து உட்கார்ந்திருக்கிறார்.
கை நடுங்கித் தேநீர் தட்டில் சிந்துகிறது.
ரொட்டியைத் தானே வாங்கினார், சில்லறையை எண்ணினார்,
ஒரு காசு குறைகிறது என்று சண்டைகூடப் போட்டார்.
நான் அடுக்களையில் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அப்போது கம்பி முனகியது.
தலையைச் சாய்த்தார்.
அந்தச் சாய்ப்பை நான் அறிவேன், இரண்டு விதமாகவும் அறிவேன்.

“ஒன்பது பேர்” என்றார்.

சன்னலுக்கு ஓடினேன்.
பெட்டி மேலே வந்து நின்றது. கதவு திறந்தது.
எட்டுப் பேர் இறங்கினார்கள்.
கதவு இன்னும் திறந்தே இருக்கிறது.
நான் சன்னலில் நிற்கிறேன்.