ஒன்பதாம் மூக்கு

திபிலிசியில் அந்தக் குளிர்காலம்
நாளுக்கு இரண்டு மணி நேரம்தான் மின்சாரம்.
எந்த இரண்டு மணி என்று எவருக்கும் தெரியாது.
நான் டிராம் ஓட்டுகிறவள்,
ஓடாத டிராமுக்கு.
பொழுது போகாமல் தண்டவாளத்தைப் பார்க்கப் போவேன்.
சக்கரம் தேய்த்துத் தேய்த்து வெள்ளியாய்க் கிடந்த இரும்பு
பத்தே நாளில் செம்பூனை நிறத்துக்கு வந்திருந்தது.

துருப்பிடித்துவிட்டது என்றேன், கீழ்வீட்டு நஸிப்ரோலாவிடம்.
"காற்று தின்கிறது" என்றாள்.
"இரும்பை மட்டுமா?
நறுக்கிய ஆப்பிளை, அக்ரூட் எண்ணெயை,
கொஞ்சம் கொஞ்சமாய் உன்னையும் என்னையும்."
சொல்லிவிட்டு மாவுக்கு வரிசையில் நிற்கப் போனாள்.

வேதியியல் கூடத்தில் அவளுக்குச் சம்பளம் வராத ஏழாம் மாதம்.
கருவிகள் எல்லாம் போர்வைக்குள் உறங்கின.
அவளோ ககேத்தியிலிருந்து மூட்டை மூட்டையாய்
திராட்சைச் சக்கையை இறக்கினாள்,
ஒயின் பிழிந்தபின் பன்றிக்குப் போடுவது.
அதில் விதையைப் பொறுக்கினாள். கழுவினாள்.
காப்பி அரைக்கும் கைமில்லில் அரைத்தாள்.
அதே சக்கையில் வடித்த சாராயத்தில் ஊறவைத்தாள்.
படிக்கட்டு முழுக்க அந்த வாடை;
மூன்றாம் மாடி ஜும்பேர் ஊறலில் பாதி குடித்துவிட்டு
"நாக்கைப் பிடித்து இழுக்கிறது, சனியன்!" என்று துப்பினார்.
அந்தத் துவர்ப்பைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள்.
துணியில் வடிகட்டி, தட்டில் காயவைத்து,
கடைசியில் சுரண்டி எடுத்தது
ஒரு கரண்டி செந்தூள்.

இரண்டு ஜாடி அக்ரூட் எண்ணெய்.
ஒன்றில் தூள். ஒன்றில் எதுவுமில்லை.
எது எதுவென்று அவள் சொல்லவில்லை.
அளக்கும் கருவிக்கு மின்சாரம் இல்லாததால்
எங்கள் கட்டடத்தில் பதினான்கு மூக்குகளைச் சேர்த்தாள்.
தினமும் மாலை ஆறு மணி, மெழுகுவர்த்தி ஒன்று,
ரொட்டிக்கு நிற்பது போலவே படியில் வரிசை.
முகர்ந்து, ஒன்று முதல் பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும்.
காறலுக்குப் பத்து.
நான் ஒன்பதாம் மூக்கு.

இருபத்து மூன்றாம் நாள்
இடப்பக்க ஜாடியில் ஜன்னலுக்குப் பூசும் பழைய சாயத்தின் நெடி.
வலப்பக்கம் அப்போதுதான் உடைத்த அக்ரூட்.
அன்று யாருமே வீட்டுக்குத் திரும்பவில்லை;
திரும்பத் திரும்ப முகர்ந்தோம்,
பசியும் ஒரு காரணம்.

முப்பத்தோராம் நாள் எனக்குச் சளி.
வாடை எதுவும் ஏறவில்லை. வெட்கம்.
எட்டு என்றேன், இரண்டு என்றேன்,
நேற்றையதை அப்படியே.
அவள் பென்சிலை நிறுத்தி என் மூக்கையே பார்த்தாள்.
"முகர்ந்தாயா, நினைவிலிருந்து சொன்னாயா?"
உண்மையைச் சொன்னேன்.
கட்டத்தில் ஒரு சிறு கோடு போட்டாள்.
திட்டவில்லை.
போகும்போது ஒரு பூண்டு கொடுத்தாள், கஷாயத்துக்கு.

பிறகு மின்சாரம் வந்தது, கருவிகள் விழித்தன,
எலிகளின் நுண்ணிய ரத்தக்குழாய் வரை அவள் போனாள்.
அவை கொஞ்சம் உறுதிப்பட்டன என்று எழுதினாள்.
"கொஞ்சம்" என்ற சொல்லுக்காகப் பதிப்பாசிரியரோடு
நான்கு கடிதம் சண்டை.
வெளிநாட்டிலிருந்து ஒரு கம்பெனி மாத்திரையோடு வந்தது.
டப்பாவில் பொன் எழுத்தில்: இளமை.
"இளமையை நான் அளக்கவே இல்லையே" என்றாள்.
அவர்கள் சிரித்தார்கள், பேனாவை நீட்டினார்கள்.
அவள் கையெழுத்துப் போடவில்லை.
மாத்திரை வேறொருவர் பெயரில் விற்கிறது; நன்றாகவே விற்கிறது.
அவள் இன்னும் லிஃப்ட் இல்லாத அதே இரண்டாம் மாடியில்.

டிராம்களை எடுத்துவிட்டார்கள்,
தண்டவாளத்தின் மேல் தார் ஊற்றிவிட்டார்கள்.
இனி அது துருப்பிடித்தாலும் யார் பார்க்கப் போகிறார்கள்.
போன வாரம் அவளுடைய பழைய கட்டுரையைக் காட்டினாள்.
பின்னால் ஓர் அட்டவணை, பொடி எழுத்து.
நாள் முப்பத்தொன்று, மூக்கு ஒன்பது:
அந்தச் சிறு கோடு
அச்சில் இருக்கிறது.