காலுக்கு வெளிச்சம்

பதினோரு வெள்ளி தொண்ணூறு சென்.
ஐந்து மீட்டர் சுருள், முதுகில் பசை,
மூன்று பல்புக்கு ஒருமுறை
ஒரு குட்டிக் கத்திரிக்கோல் படம்.
நீலம் எடு, பையன்களெல்லாம் நீலம்தான் என்றார் தவுக்கே.
நான் பையன் இல்லை.
தே தாரே நிறத்தில் இருக்கிறதா என்று கேட்டேன்.
இருந்தது, தூசி படிந்து, கீழ்த்தட்டில்.

எல்லாம் தவமலரக்காவின் காது மெஷினால் வந்தது.
பாசிப்பயறு அளவு.
பின்சீட்டில் விழுந்து
நாலு பேர் குனிந்து, கைப்பேசி அடித்துத் தேடி
கடைசியில் என் காலுக்கடியில், பிரேக் மிதிக்குப் பின்னால்.
எப்படிப் போனது அங்கே? தொண்ணூற்றாறாம் ஆண்டு ஈஸ்வரா,
அதற்குள் எதுவும் எங்கும் போகும்.

ஞாயிற்றுக்கிழமை.
தலை மிதிகளுக்கு நடுவே, கால்கள் சீட்டின் முதுகில்.
பக்கத்து மலிவு வீட்டு அம்ரான் எட்டிப் பார்த்தான்:
அண்ணன் இல்லையா?
அண்ணன் இல்லை. டெஸ்ட் பேனா இருக்கு, பிடி.

சிவப்பு ஒயர் எப்போதும் விழித்திருப்பது.
கறுப்பு, கதவைக் கேட்டுத்தான் கண் திறக்கும்.
சேர்த்தேன். எரியவில்லை.
பியூஸைப் பார்த்தேன், கதவுச் சுவிட்சின் ரப்பரை அமுக்கிப் பார்த்தேன்,
ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். அம்ரான் மலாயில் ஒன்று சொன்னான்.
பழைய குண்டு பல்பு எந்தப் பக்கம் மாட்டினாலும் எரியும்.
இதற்குத் திசை உண்டு.
மாற்றிப் பிடித்ததும்

செம்மண்.
உதிர்ந்த செம்பனைப் பழம் இரண்டு, காய்ந்து.
இருபது சென். யாருடையதோ கொண்டை ஊசி.
துரு.
துருவில் ஐம்பது சென் அகல ஓட்டை,
ஓட்டைக்கு அப்பால் சிமெண்டுத் தரையில்
போய்க்கொண்டிருந்த ஓர் எறும்பு.

இரவு பதினொன்று, கையுறைத் தொழிற்சாலை கேட்.
பாடாங் செராய் பக்கம் போகிற நால்வர்.
மூன்று வருடமாக இவர்களைக்
குரலாகத்தான் ஏற்றி இறக்கியிருக்கிறேன்:
ஓவர்டைம், சூப்பர்வைசர், மகனின் எஸ்.பி.எம்.
கதவு திறந்தது. குரல்கள் நின்றன.
எட்டுப் பாதங்கள்.
பகலெல்லாம் பூட்ஸில் ஊறி, வெளுத்து,
கோடு கோடாய்ச் சுருங்கி, சிலிப்பரில்.

அய்யோ, இது என்ன, பொண்ணு பார்க்க வந்த மாதிரி,
என்றாள் மீனலோசினி.
சிரித்தோம். ஆனால் எல்லோரும் காலை இழுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் குணவதியின் நகங்களில் சிவப்பு.
காக் ரொஸ்னாவுக்குப் புதுச் சப்பாத்து, வெள்ளிக் கொக்கி.
மீனலோசினி ஒருநாள் மெட்டியைத் திருகிக்கொண்டே ஏறினாள்.
கேட்டில் மற்ற வண்டிகள் காத்திருக்க
எங்கள் கதவு மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சாத்தும்,
தாரின்மேல் ஓட்டை வழியே விழுந்த காசளவு வெளிச்சம்
அதுவரை கிடக்கும்.

தவமலரக்காதான் கடைசியில் இறங்குவார்.
யார் கதவைத் திறந்தாலும் நாலு மூலையும் எரியும்,
அப்படித்தான் இணைத்திருந்தேன்.
ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர்
சாப்பாட்டுப் பையை எடுத்துக் காலின்மேல் வைத்தார்.
காக் ரொஸ்னா இறங்கும்போது ஒருமுறை பை சரிந்தது.
இடது பாதத்தில் மூன்று விரல்.
யாரும் எதுவும் பேசவில்லை.
கண்ணாடியில் நான் சாலையைப் பார்த்தேன்,
சாலையில் ஒன்றுமில்லை, செம்பனை மட்டும்.

எங்கே வெட்டலாம் என்று அவர்களே
படம் போட்டுத்தான் விற்கிறார்கள்.
சனிக்கிழமை காலை, இடது பின்பக்கம், ஆறு பல்பு.
கத்திரிக்கோல் சத்தம்கூடப் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் ஏறினார், குனிந்து பார்த்தார்.
என் பக்கம் மட்டும் ஏன்மா எரியல? ஒயர் போச்சா?

பார்க்கிறேன்கா என்றேன்.
காது மெஷினைத் தொட்டுச் சரிசெய்துகொண்டு
என்ன சொன்னே என்றார்.

துண்டு, சாம்பல் தட்டில் கிடக்கிறது.
பசை இன்னும் காயவில்லை.